மின்வாசிப்பான் வாங்கலாமா, அலமாரியை நீட்டலாமா?

ஒரே ஒரு வரியைத் தேடி ஒரு முழு மாலையைத் தொலைத்தேன். பஞ்சங்களைப் பற்றிய வரலாற்று நூல் ஒன்றில் படித்த வரி அது. பசியில் காலியான ஓர் ஊரைச் சொல்லும்போது ஆசிரியர் ஒரு வீட்டுக் கதவைக் காட்டுவார். அந்தக் காட்சி மனத்தில் தங்கிவிட்டது, சொற்கள் தங்கவில்லை. நூல் என் மின்வாசிப்பானில், அதாவது மின்னூல் படிக்கும் கருவியில் இருந்தது. ‘கதவு’ என்று தேடினேன். அந்த இடம் வரவில்லை. ‘கதவை’, ‘கதவின்’, ‘கதவுகள்’ என்று உருபுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ‘பஞ்ச’ என்று பாதியில் நிறுத்தித் தேடியதில் பஞ்சாயத்தும் பஞ்சாங்கமும் சேர்ந்து வந்து குவிந்தன. நூலின் எத்தனையாவது சதவீதத்தில் அதைப் படித்தோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்?

அதே வாரம் இன்னொரு நூலில் இன்னொரு பத்தி தேவைப்பட்டது. அது அச்சுப் பிரதி. முக்கால் பங்கு தாண்டி, இடப்பக்கத்தின் கீழ்ப்பாதி, எதிர்ப்பக்கத்தில் ஒரு வரைபடம். இரண்டு முறை புரட்டியதில் கை அங்கே போய் நின்றுவிட்டது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் தாளுக்கு மாலை போட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அடுத்த மாதமே, தொள்ளாயிரம் பக்க வாழ்க்கை வரலாறு ஒன்றில் ஒரு மனிதரின் பெயர் எங்கெங்கே வருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அச்சுப் பதிப்பில் பெயரடைவு இல்லை. திரையில் பெயரைத் தட்டினேன். மூன்று நொடியில் எல்லா இடங்களும் வரிசையாக நின்றன.

மின்வாசிப்பான் வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த மூன்று சம்பவங்களையும்தான் சொல்கிறேன். தாளின் வாசனையைப் பற்றிப் பேசுபவர்களும், ஆயிரம் நூல்களைப் பையில் போட்டுக்கொண்டு போவதைப் பற்றிப் பேசுபவர்களும் முடிவெடுக்க உதவ மாட்டார்கள். வாசனைக்காக யாரும் ஒரு நூலை முடித்ததில்லை. பயணத்தில் ஆயிரம் நூல்களை யாரும் படிப்பதுமில்லை. கேட்க வேண்டியது வேறு: இந்த நூலுக்குள் நீங்கள் எப்படி நடக்கப் போகிறீர்கள்? தொடங்கிய இடத்திலிருந்து முடியும் இடம் வரை ஒருமுறை நேராகக் கடந்து போவீர்களா, முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பீர்களா? நாவலுக்கு வரும் விடையும் இலக்கண நூலுக்கு வரும் விடையும் ஒன்றாக இருக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மின்வாசிப்பான் என்று இங்கே நான் சொல்வதில் கைபேசியும் டேப்லெட்டும் சேராது. மின்மைத் திரை (ஈ-இங்க்) கொண்ட, படிப்பதற்கென்றே செய்யப்பட்ட கருவியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஊடக ஆய்வகத்தில் பிறந்த யோசனையைக் கொண்டு 1997-இல் தொடங்கப்பட்ட ஈ-இங்க் நிறுவனம்தான் இந்தத் திரைக்கு மூலம். 2004-இல் சோனி ஜப்பானில் லிப்ரியே என்ற கருவியில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007 நவம்பரில் அமேசானின் முதல் கிண்டில் வந்தபோது சில மணி நேரத்திலேயே விற்றுத் தீர்ந்தது.

திரைக்குள் நடப்பது எளிமையானது, எனக்கு இன்னும் வியப்பானது. முடியின் தடிமனே உள்ள நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் ஒரு தெளிந்த திரவத்தில் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். கீழிருந்து மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். அதற்குப் பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டாலும் துகள்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே ஒரே பக்கத்தை நீங்கள் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பக்கத்தைக் காட்டுவதற்கு மின்சாரம் செலவாவதில்லை; பக்கம் புரளும்போதுதான் செலவு. ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுவதன் ரகசியம் இதுதான். பக்கம் மாறும்போது முந்தைய எழுத்தின் நிழல் லேசாகத் தங்குவதும், அதை அழிக்கத் திரை ஒருமுறை கறுத்து வெளுப்பதும் இதே துகள்களின் வேலை. புதிதாக வாங்கியவர்கள் கருவி பழுது என்று பதறுவது வழக்கம். பழுதில்லை.

இந்தத் திரை சூழலின் வெளிச்சத்தைத் தாளைப் போலவே பிரதிபலிக்கிறது. உச்சி வெயிலில் கைபேசி இருண்டுபோகும்; இது இன்னும் தெளிவாகும். இருட்டில் படிக்க உதவும் விளக்குகூடத் திரைக்குப் பின்னால் இருந்து கண்ணில் அடிப்பதில்லை; ஓரத்திலிருக்கும் சிறு விளக்குகளின் ஒளி திரையின் மேற்பரப்பில் பரவி, பட்டுத் திரும்புகிறது. இன்றைய நல்ல கருவிகளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்கின்றன. அந்த அடர்த்தியில் தமிழ் எழுத்தின் சுழியும் புள்ளியும் உடையாமல் தெரிகின்றன.

தூக்கம் கெடும் என்ற பயமுறுத்தலுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. படுக்கைக்கு முன் திரையில் படித்தவர்களுக்குத் தூக்கத்துக்கு உடலைத் தயார்படுத்தும் மெலடோனின் குறைந்தது, தூங்கச் சுமார் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தது என்பது அதன் முடிவு. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் பன்னிரண்டு பேர். அவர்கள் கையிலிருந்தது ஐபேட். ஒரு மாலைக்கு நான்கு மணி நேரம் அதை முழு வெளிச்சத்தில் பார்த்தார்கள். மின்மைத் திரைக்கும் இந்த முடிவுக்கும் நேரடித் தொடர்பில்லை. ‘மின்வாசிப்பான் தூக்கத்தைக் கெடுக்கிறது’ என்று தலைப்புப் போட்டவர்கள் உள்ளே படிக்கவில்லை. எந்த ஊடகத்தில் படிக்காமல் விட்டார்கள் என்று தெரியவில்லை.

படித்தது மனத்தில் நிற்குமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. 2018-இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் மொத்தம் 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றிருந்தார்கள். தகவல் தரும் நூல்களைப் படிக்கும்போது, அதுவும் நேர நெருக்கடியில் படிக்கும்போது, தாளில் படித்தவர்களின் புரிதல் மேலாக இருந்தது. கதைகளைப் பொறுத்தவரை வேறுபாடு தெரியவில்லை. திரை என்று அங்கே எண்ணப்பட்டதில் கணினியும் அடக்கம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மின்மைத் திரையை மட்டும் தனியாகச் சோதித்தது 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு. ஐம்பது பேர். 28 பக்க மர்மக்கதை ஒன்றைப் பாதிப் பேர் கிண்டிலிலும் மீதிப் பேர் சிறு அச்சு நூலிலும் படித்தார்கள். பெரும்பாலான கேள்விகளில் இரு தரப்பும் சமம். ஆனால் எந்த நிகழ்ச்சி கதையின் எந்தப் பகுதியில் வந்தது, எதற்குப் பின் எது நடந்தது என்று கேட்டபோது அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். இடது கையில் தடித்துக்கொண்டும் வலது கையில் மெலிந்துகொண்டும் வரும் தாள்களின் கனம் ஒரு வரைபடம் போல வேலை செய்கிறது என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். என் கதவு வரி தொலைந்ததும், வரைபடத்துக்கு எதிர்ப்பக்கத்துப் பத்தி கிடைத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். கருவியில் எல்லா நூலும் ஒரே கனம், ஒரே எழுத்துரு, ஒரே பக்கம். எழுத்தின் அளவை மாற்றினால் வரிகளே இடம் மாறிவிடுகின்றன. இடம் மாறிக்கொண்டே இருப்பதை மனம் இடமாகப் பதிந்துகொள்ளாது.

தேடலும் அகராதியும் கருவியின் பெரிய பலம் என்று சொல்வார்கள். ஆங்கில நூல்களில் அது முழு உண்மை. தமிழில் பாதி உண்மை. அமேசான் 2016 டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழி மின்னூல்களைக் கிண்டிலில் சேர்த்த பிறகு எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றன, நூல்களும் கிடைக்கின்றன. ஆனால் தமிழ்ச் சொல் தனியாக நிற்பதில்லை. உருபும் சாரியையும் அடுத்த சொல்லும் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தடியில்’ அகப்படாது. அகராதிக்காக ‘மரத்தடியில்’ என்பதைத் தொட்டால் என் கருவி எதையும் காட்டுவதில்லை. அதற்குத் தெரிந்தது ‘மரம்’ மட்டும். தமிழில் தேடுபவர் சொல்லின் அடியை மட்டும் கொடுத்துத் தேடக் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒருவழியாக ஒரு பயன் கிடைத்திருக்கிறது.

பழைய தமிழ் நூல்களில் இன்னொரு சிக்கல். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற தன்னார்வ முயற்சிகள் தட்டெழுதித் தந்தவை அருமையாக வாசிக்கக் கிடைக்கின்றன. ஆனால் ஏராளமான நூல்கள் பக்கங்களைப் படமெடுத்த பிடிஎஃப் கோப்புகளாகவே இருக்கின்றன. ஆறு அங்குலத் திரையில் அவற்றைத் திறந்தால் எறும்பு ஊர்வது போல இருக்கும். பெரிதாக்கினால் வரிக்கு வரி இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். உங்கள் வாசிப்பில் பெரும்பகுதி இப்படிப்பட்ட கோப்புகள் என்றால் பத்து அங்குலத்துக்குக் குறையாத திரை வாங்குங்கள், அல்லது அச்சிட்டுக்கொள்ளுங்கள். சிறிய கருவியை வாங்கிவிட்டு அதன்மேல் கோபப்படாதீர்கள். படங்கள் நிறைந்த நூல், ஓவியத் தொகுப்பு, வரைபட நூல் ஆகியவற்றுக்கும் இதே பேச்சுதான். வண்ண மின்மைத் திரைகள் வந்துவிட்டன. ஆனால் வண்ணத்தில் புள்ளி அடர்த்தி கறுப்பு வெள்ளையில் இருப்பதில் பாதிதான், நிறங்களும் வெயிலில் வெளுத்த துணி போல இருக்கின்றன.

இனி, வாங்குபவர்களில் மிகச் சிலரே யோசிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அச்சு நூலை வாங்கினால் அது உங்களுடையது. மின்னூலைப் பெரும்பாலான கடைகளில் ‘வாங்கு’ என்ற பொத்தானை அழுத்திப் பெற்றாலும், கையில் வருவது படிப்பதற்கான உரிமம்தான். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், அமேசான் வாசகர்களின் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்தபடி அழித்தது. அவற்றில் ஒன்று, அரசு விரும்பாத எழுத்துகள் தீயில் மறைந்துபோகும் உலகத்தைப் பற்றிய ‘1984’. பணம் திருப்பித் தரப்பட்டது, நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் பள்ளிப் பாடத்துக்காக அந்த நூலில் குறிப்புகள் எழுதி வைத்திருந்த ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். குறிப்பு எந்த வரிக்கு எழுதப்பட்டதோ அந்த வரியே போய்விட்டால் குறிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. விற்ற நூல்கள் ஜூலையோடு திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நூலில் குறிப்பெழுதியிருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர். ஓரக் குறிப்புக்கு ஒரு நிறுவனம் விலை நிர்ணயித்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், மின்னூலைப் பழைய புத்தகம் போல மறுவிற்பனை செய்யப் பதிப்புரிமையாளரின் அனுமதி வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூல்களைக் கணினியில் இறக்கிக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதியை அமேசான் நிறுத்தியது. ஆக, நண்பருக்குக் கொடுக்க முடியாது, பழைய புத்தகக் கடையில் போட முடியாது, பிள்ளைகளுக்கு அலமாரியோடு விட்டுச் செல்ல முடியாது. ஒருமுறை படித்துவிட்டு மறக்கப்போகிற துப்பறியும் கதைக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. வாழ்நாள் முழுவதும் கூட வைத்திருக்க நினைக்கும் நூலுக்கு இது பெரிய குறை.

இதற்கு ஒரு வழி உண்டு. வேறு கருவிக்கு மாற்ற விடாத பூட்டு இல்லாமல், ஈபப் என்ற மின்னூல் கோப்பாக விற்கும் பதிப்பகங்களிடம் வாங்குங்கள். 1971 முதல் நடந்துவரும் குட்டன்பர்க் திட்டம் போன்ற இலவச நூலகங்களிலிருந்து எடுங்கள். கோப்பை உங்கள் கணினியில் ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பிரதிகள் வையுங்கள். காலிபர் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைச் செய்துகொடுக்கும். அப்படிச் செய்தால் கருவி செத்தாலும் நூல் பிழைக்கும்.

கருவி சாகத்தான் செய்யும். லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். திரை கண்ணாடி, ஒருமுறை அதன்மேல் உட்கார்ந்தால் போதும். தாளுக்கு மட்டும் சாவில்லையா என்றால், அதுவும் உண்டு. மரக்கூழை அப்படியே அரைத்துச் செய்த மலிவுத் தாளில் லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் இருக்கின்றன. சில பத்தாண்டுகளில் பழுத்து, மடித்த இடத்தில் முறியும். ஆனால் அமிலமற்ற நல்ல தாளில் அச்சிட்ட நூல் பல தலைமுறைக்கு நிற்கும், அதைத் திறக்க எந்த நிறுவனமும் உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு எளிது. நீங்கள் படிக்கும் வகை நூலில் அச்சுப் பிரதிக்கும் மின்னூலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைப் பத்து நூல்களுக்குப் பார்த்துச் சராசரி எடுங்கள். கருவியின் விலையை அதனால் வகுங்கள். வரும் எண்ணிக்கையிலான நூல்களை மூன்று நான்கு ஆண்டுகளில் படிப்பீர்களா என்று உங்களையே கேளுங்கள். சில நூல்களில் வித்தியாசமே இருக்காது. அச்சைவிட மின்னூல் விலை கூடுதலாக இருக்கும் விந்தையும் உண்டு. சுற்றுச்சூழல் கணக்கும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். கருவியைச் செய்வதில்தான் பெரும் செலவு. நிறையப் படித்து நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு அது ஈடாகும், ஆண்டுக்கு இரண்டு நூல் படிப்பவருக்கு ஆகாது.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிடும் ஒரு காரணம் இருக்கிறது. என் பெரியப்பாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியபோது முதலில் செய்தித்தாளை விட்டார், பிறகு நூல்களை விட்டார். ‘படித்த வரைக்கும் போதும்’ என்று சொல்லிக்கொண்டார். போதவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்தது. ஒரு பழைய மின்வாசிப்பானில் எழுத்தை ஒரு திரைக்கு எட்டு வரி வரும் அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ‘இதென்ன, பக்கத்துக்குப் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே’ என்று முதல் நாள் சலித்துக்கொண்டார். இரண்டாம் வாரம், ‘இது முடிந்தால் அடுத்தது எப்படித் திறப்பதப்பா?’ என்று கேட்டார். கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், தடித்த நூலைத் தூக்க முடியாதவர்களுக்கும் சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு தகடு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கண்ணும் கையும் நன்றாக இருப்பவர்கள் எளிதில் உணர மாட்டார்கள். அந்த வீட்டில் வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை.

மற்றவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். கடைசியாகப் படித்த பத்து நூல்களை எழுதுங்கள். முடித்த பிறகு மறுபடி திறந்தவற்றுக்கு எதிரே ஒரு கோடு போடுங்கள். கோடில்லாதவை ஏழு எட்டு என்றால் தயங்காமல் கருவி வாங்குங்கள். அலமாரியில் அவை பிடித்திருக்கும் இடத்தை இனி உண்மையில் தேவைப்படுபவற்றுக்குக் கொடுக்கலாம். கோடு போட்டவையே அதிகம் என்றால் பணத்தை அச்சு நூலுக்கே வையுங்கள். தேர்வுக்குப் படிப்பவர்களும் பாட நூலைத் தாளிலேயே வைத்துக்கொள்வது நல்லது. ‘கைபேசியிலேயே படித்துக்கொள்கிறேனே’ என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: நேற்று எத்தனை பக்கம் படித்த பிறகு வேறொன்றைப் பார்க்கப் போனீர்கள்? கருவியின் மந்தமான திரையும், வேறெதற்கும் உதவாத அதன் குணமும்தான் என்னை நூலுக்குள் உட்கார வைக்கின்றன. அந்த வகையில் அது கைபேசியைவிடத் தாளுக்குத்தான் நெருங்கிய உறவு.

பஞ்ச வரலாற்று நூலின் அச்சுப் பிரதியைக் கடைசியில் வாங்கிவிட்டேன். அந்த வரியைத் தாளில் நான் கண்டதே இல்லை என்பதால் கைக்கும் வழி தெரியவில்லை. தொடக்கத்திலிருந்து புரட்ட வேண்டியிருந்தது. வலப்பக்கம், மேலிருந்து மூன்றாவது பத்தியில் இருந்தது. அந்தப் பத்தியில் கதவு என்ற சொல்லே இல்லை. ஆசிரியர் எழுதியிருந்தது ‘தாழ்ப்பாள்’.